பருப்பு வெந்ததும் உப்பு

வந்தவள் தன் செருப்பை வாசலில் ஜோடியாக, முனை வெளியே பார்க்கும்படி திருப்பி விட்டாளே, அதுதான் கேட்டக்காவின் முதல் சந்தேகம். செருப்பைத் திருப்பி விடுகிறவர்கள் இரண்டே வகை என்பது அவள் முடிவு. உளவு பார்க்க வந்தவர்கள் ஒன்று, பையனைப் பிடிக்காமல் எழுந்து போகத் தயாராக இருக்கும் பெண் வீட்டார் இன்னொன்று. இந்த வீட்டில் கல்யாணத்துக்குப் பையன் கிடையாது. ஆகவே இவள் எந்த வகை என்பதில் கேட்டக்காவுக்குக் குழப்பமே இல்லை.

நூற்பாலையின் கேட்டில் நின்று பாடியதால் அவள் கேட்டக்கா. ஆலை மூடிப் பதினைந்து வருடமாகிறது, கேட்டைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டாயிற்று. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. எழுபத்திரண்டு வயதில் இடுப்பு சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. தொண்டை மட்டும் இன்னும் முப்பதிலேயே நிற்கிறது. எங்கே வேலைநிறுத்தம் என்றாலும், யார் தெருவில் உட்கார்ந்தாலும், ஆள் அனுப்பி அவளைக் கூட்டிப் போவார்கள். அவள் பாடுவாள். பாடிக்கொண்டே முந்நூறு பேருக்கு ஒரே பானையில் பொங்கி இறக்கிக் காட்டுவாள். வீட்டுக்கு ஒரு பிடி என்று வருவதையெல்லாம் ஒன்றாகப் போட்டு வேக வைக்கும் அந்தப் பொதுப் பானைக்கு என்று தனியாகப் பாட்டுகள் உண்டு. ஒவ்வோர் அடியும் ஒரு வேலை. கடிகாரம் பார்க்க வேண்டாம், பாட்டு முடிந்தால் பானை இறங்கும்.

அந்தப் பாட்டுகள் நாற்பத்தேழு. அத்தனையும் அவள் மண்டைக்குள்தான். எத்தனை பேருக்கு எத்தனை படி என்ற சமையல் அளவுகளைக் கோடு போட்ட நோட்டில் எழுதி வைத்திருந்தாள். பாட்டை மட்டும் எழுத மாட்டாள். காகிதம் போலீஸ் கைக்குப் போகும் என்பது அந்தக் காலத்துப் பழக்கம். அதைவிட, முன்பு ஆராய்ச்சி என்று சொல்லிக்கொண்டு ஒரு கண்ணாடிக்காரர் வந்தார். நாலு பாட்டைப் பதிவு செய்துகொண்டு போனார். ஆறே மாதத்தில் அதில் ஒன்று சோப்பு விளம்பரமாகத் தெருவெல்லாம் கேட்டது. கேட்டக்கா அந்தச் சோப்பை இன்றுவரை வீட்டில் சேர்ப்பதில்லை.

"நாட்டுப்பாடல் காப்பகத்துலேர்ந்து வர்றேம்மா. லெட்டர் போட்டிருந்தோமே" என்றாள் வந்தவள். நாற்பத்தைந்து வயது இருக்கும். காதோரம் நரை, தோளில் கனமான பை.

"லெட்டர் யாரு வேணா போடலாம்."

"இதுல முத்திரை இருக்கு பாருங்க."

"முத்திரையும் யாரு வேணா குத்தலாம். உள்ள வா. செருப்பைத் திருப்பி வச்சுட்டு வா."

உள்ளே இரண்டு அறை, ஒரு சமையலறை. கதவில் மூன்று தாழ்ப்பாள். சுவரில் கேட்டக்காவின் வீட்டுக்காரர் போட்டோவில் முறைத்துக்கொண்டிருந்தார். வேலைநிறுத்தத்தில் பிடிபட்டு, லாக்கப்பில் நெஞ்சில் மிதி வாங்கி, இரண்டு வருடம் இருமி இருமியே போய்ச் சேர்ந்தவர். அவருக்குக் கீழே உட்கார்ந்து சின்னவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். சின்னவள் என்றால் கேட்டக்காவின் தங்கை. அவளுக்கும் அறுபத்தாறு ஆகிறது, ஆனாலும் சின்னவள்தான். தன் புருஷன் போன பிறகு அக்காவோடு வந்து சேர்ந்தாள். பதினெட்டு வருடமாக இந்த வீட்டு அடுப்பு அவள் கையில். கேட்டக்கா பானை வைப்பதில் கெட்டிக்காரி, சும்மா சொல்லக்கூடாது. ஆனால் ருசி என்று வந்தால் சின்னவள் கைக்கு முன்னால் அவள் நிற்க முடியாது. இதைக் கேட்டக்காவே ஒப்புக்கொள்வாள். உலகத்தில் அவள் ஒப்புக்கொண்ட மிகச் சில விஷயங்களில் இது ஒன்று.

காப்பகத்திலிருந்து வந்த பதிவுக்காரி விஷயத்தைச் சொன்னாள். பாட்டும் சமையலும் சேர்த்து ஒரு தொகுப்பு. பாட்டைப் பாட வேண்டும், அப்படியே பானையும் வைக்க வேண்டும், இரண்டும் ஒன்றாகப் பதிவாக வேண்டும்.

"எதுக்கு?"

"பின்னாடி வர்றவங்களுக்குத் தெரியணும்ல."

"பின்னாடி யாரு வர்றா? போலீஸா?"

"அக்கா, பாவம், வந்ததும் வராததுமா ஏன் இப்படிக் குடையுற?" என்றாள் சின்னவள். "நீ உக்காரும்மா. பூசணி இல்ல, பருப்பும் பத்தாது. நான் மார்க்கெட் போய்ட்டு வந்துடறேன். பானைன்னா பூசணி இல்லாம எப்படி?"

சின்னவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அவள் படி இறங்கும் சத்தம் ஓய்ந்ததும் கேட்டக்கா தன் வழக்கமான சோதனையை ஆரம்பித்தாள். ஒரு பலகையில் பத்து வெங்காயமும் கத்தியும் வைத்து, "சும்மா பேசிட்டு இருக்கறதுக்கு இதை நறுக்கு" என்று நீட்டினாள். வெங்காயம் நறுக்கும்போது மனுஷன் பொய் சொல்ல முடியாது என்பது அவள் நம்பிக்கை. கண்ணும் மூக்கும் ஒழுகும்போது முகத்தை எப்படிக் காப்பாற்றுவது?

பதிவுக்காரி முகம் சுளிக்காமல் வாங்கிக்கொண்டாள். கத்தியை இடது கையில் பிடித்தாள்.

கேட்டக்காவுக்கு மூக்கில் வியர்த்தது. இடது கைக்காரர்கள் ஊரில் ஆயிரம் பேர் இருப்பார்கள், அதற்காக எல்லோரையும் சந்தேகப்பட முடியுமா என்று தன்னைத்தானே கேட்டுக்கொண்டாள். முடியும் என்றுதான் தோன்றியது.

"ஒரு பாட்டு எடுத்து விடறேன், கேட்டுக்கோ. பதிவு பண்ற மெஷினை இப்ப தொடாதே" என்று சொல்லிவிட்டு, வேண்டுமென்றே பானைப் பாட்டை எடுத்தாள்.

*கல்லு மூணு கூட்டுங்கடி*
*கனத்த பானை ஏத்துங்கடி*
*வீட்டுக்கொரு பிடி பருப்பை*
*வெந்நித் தண்ணியில் கொட்டுங்கடி*

பாடிக்கொண்டே கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். பதிவுக்காரி கத்தியை வைத்துவிட்டுத் தன்னையறியாமல் பலகையில் தாளம் போட்டாள். முதல் அடி இடது கையில் விழுந்தது. இரண்டாவதும் இடது. மூன்றாவதுதான் வலது. அப்படித் தட்டுகிற ஆள் இந்த ஊரில் ஒருத்தன்தான் இருந்தான்.

கேட்டக்கா பாட்டைப் பாதியில் நிறுத்தினாள்.

"நீ இடக்கையன் மகதானே?"

பதிவுக்காரியின் கை பலகையிலேயே நின்றது. வெங்காயத்தால் கலங்கிய கண்ணைப் புறங்கையால் துடைத்தாள். பொய் சொல்லவில்லை. வெங்காயம் வேலை செய்ததோ, வளர்ப்போ.

"ஆமா."

"அப்ப காப்பகம், லெட்டர், முத்திரை எல்லாம்?"

"அதுவும் நிஜம்தான். அங்கதான் இருபது வருஷமா வேலை. இந்த வீட்டுக்கு மட்டும் வேற யாரையும் அனுப்ப வேணாம், நானே போறேன்னு கேட்டு வாங்கிட்டு வந்தேன்."

கேட்டக்கா எழுந்து போய் வாசல் கதவைச் சாத்தினாள். மூன்று தாழ்ப்பாளில் இரண்டைப் போட்டாள். ஆளை உள்ளே வைத்துப் பூட்டுகிறோமா, வெளியே போகச் சொல்கிறோமா என்று அவளுக்கே தெரியவில்லை. அவ்வளவு ஆத்திரம்.

இடக்கையன் மேளக்காரன். ஆலையில் நூல் சுற்றும் பிரிவில் வேலை. கேட்டக்காவின் குரலுக்குத் தோளில் மேளத்தை மாட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றவன். நாற்பது வருடத்துக்கு முன்னால் நடந்த அந்தப் பெரிய வேலைநிறுத்தத்தில் ஆட்களைக் காட்டிக் கொடுத்ததாகச் சங்கம் அவனைத் தள்ளி வைத்தது. ஊரே கை கழுவியது. அவன் குடும்பத்தோடு நகரத்தின் அடுத்த கோடிக்குப் போனான். அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. கேட்டக்கா அவன் மேல் ஒரு பாட்டும் கட்டினாள். நாலே அடி. அவள் கட்டியதிலேயே அதிகம் பரவியது அதுதான்.

"அந்த நாலு அடியை நான் எங்கெல்லாம் கேட்டிருக்கேன் தெரியுமா?" என்றாள் பதிவுக்காரி. குரலை உயர்த்தவே இல்லை. "ஸ்கூல்ல கேட்டேன். காலேஜ்ல ஃபீஸ் குறைக்கச் சொல்லி ஸ்டிரைக் பண்ணோம், அங்க கேட்டேன். எல்லாரும் கை தட்டினாங்க. தட்டலன்னா ஏன்னு கேப்பாங்களேன்னு நானும் தட்டினேன்மா."

*இடது கையால் தட்டினவன்*
*இருந்த இடத்தைக் காட்டினவன்*
*பானைச் சோறு தின்ன வாயால்*
*பதினோரு பேரை வித்தவன்*

யாரும் பாடவில்லை. இருந்தும் இரண்டு பேருக்கும் அது கேட்டது.

"பதினோரு பேர்ல ஒருத்தர் அதோ" என்று கேட்டக்கா போட்டோவைக் காட்டினாள். "உங்கப்பாவுக்கு வக்காலத்து வாங்க வந்தியா?"

"இல்ல. ஒரு கேள்வி கேக்க வந்தேன். அவர் அன்னைக்குச் சங்கத்துல கேட்டாராம், என்ன ஆதாரம்னு. தலைவர், கேட்டக்காகிட்ட ஆதாரம் இருக்குன்னு மட்டும் சொன்னாராம். நீங்க வாயே திறக்கலையாம். அவருக்குத் தெரியவே இல்ல, எதை வச்சு அவர்மேல சொன்னாங்கன்னு. எனக்கு அதுதான் வேணும்."

கேட்டக்கா உட்கார்ந்தாள். உண்மையைச் சொன்னால், அவளுக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை கிளம்பியது. அந்த யுக்தியை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் அடுத்த தடவை பயன்படாது என்று தலைவரிடம்கூட முழுசாக அவிழ்க்கவில்லை. இப்போது ஆலையும் இல்லை, சங்கமும் இல்லை. இவ்வளவு தைரியமாக வந்து கேட்கிறாளே, கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.

"சொல்றேன். நல்லாக் கேட்டுக்கோ. ஆலைக்கு ஆறு கேட்டு. விடிகாலையில எந்தக் கேட்டுல கூடணும்னு பாட்டுலதான் சொல்லி அனுப்புவோம். கடைசி அடியில 'நாலாம் பானை நிறையும் போது'ன்னு வந்தா நாலாம் கேட்டு. பொம்பளைங்க அடுப்படியில பாடற பாட்டு, எவன் சந்தேகப்படுவான்? ஆனா ரெண்டு தடவை நாங்க போறதுக்கு முன்னாடியே போலீஸ் நின்னுது. நம்மள்ல யாரோ பாட்டைக் கொண்டுபோய்க் குடுக்கறாங்கன்னு புரிஞ்சுபோச்சு."

பாட்டைத் தெருத் தெருவாகக் கொண்டு போனது ஐந்து பேர். கேட்டக்கா ஐந்து பேருக்கும் தனித்தனியாகச் சொல்லிக் கொடுத்தாள். எல்லாம் ஒரே பாட்டு. ஐந்தாவது அடியில் உப்பு வருகிற இடம் மட்டும் ஆளுக்கு ஆள் வேறு. ஒருத்திக்கு உலை வைக்கும்போதே உப்பு. ஒருத்திக்குப் பருப்போடு சேர்த்து. இன்னொருவருக்குப் பூசணி வெந்த பிறகு. வேறொருத்திக்கு இறக்கி வைத்த பிறகு. இடக்கையனுக்கு மட்டும்,

"'பருப்பு வெந்ததும் உப்பைப் போட்டு.' அது அவனுக்கு மட்டும்தான். ஏன் மாத்திக் குடுத்தேன்னு யாருக்கும் தெரியாது. குடுத்தபடியே பாடணும், ஒரு சொல்லு மாறக் கூடாதுன்னு மட்டும்தான் சொன்னேன். மறுநாள் விடிகாலையில நாலாம் கேட்டுல ரெண்டு போலீஸ் லாரி நின்னுது. பதினோரு பேரை அள்ளிட்டுப் போனாங்க. கோர்ட்டுல கம்பெனி வக்கீல் அந்தப் பாட்டை எழுதி வச்சு, இதுதான் சதின்னு முழுசாப் படிச்சான். நான் கடைசி பெஞ்சுல உக்காந்திருந்தேன். உப்பு எங்க வருதுன்னு மட்டும் கேட்டேன்."

"எங்க வந்துச்சு?"

"பருப்பு வெந்ததும்."

பதிவுக்காரி ஒரு காகிதத்தை எடுத்து ஐந்து அடிகளையும் வரிசையாக எழுதிக்கொண்டாள். யார் யாருக்கு எது என்று கேட்டாள். கேட்டக்கா சொன்னாள். பாட்டைக் காகிதத்தில் எழுத விட்டது அதுதான் முதல் தடவை. எழுதுகிறவள் ஒவ்வோர் அடியையும் இரண்டு தடவை சரிபார்ப்பதைப் பார்த்து அவளுக்குக் கொஞ்சம் இரக்கமாகக்கூட இருந்தது. பாவம், அப்பன் யோக்கியன் என்று நினைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். இரக்கம் வந்த கையோடு சந்தேகமும் வந்தது. இந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறாள்?

கதவு தட்டும் சத்தம் கேட்டது. "என்னக்கா, பட்டப்பகல்ல தாழ்ப்பாள் போட்டுட்டு?" என்று சின்னவளின் குரல்.

பூசணியும் பருப்புமாக அவள் மூச்சு வாங்க வந்தாள். முகத்தைக் கழுவிக்கொண்டு நேரே அடுப்படிக்குப் போனாள். பெரிய பானையைக் கழுவும் சத்தம் கேட்டது. "வாங்க வாங்க, பதிவு பண்ணணும்னு சொன்னீங்களே. உலை வச்சாச்சு!"

கேட்டக்கா பதிவுக்காரியின் முகத்தைப் பார்த்தாள். போய்விடுவாள் என்று நினைத்தாள். அவள் போகவில்லை. காகிதத்தை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, "வேலைன்னு வந்தா வேலையை முடிக்கணும்" என்று சொல்லி மெஷினைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கு நடந்தாள். அதில் கேட்டக்காவுக்கு ஒரு மதிப்பு உண்டாயிற்று. மதிப்பு வந்தவர்கள் மேல் அவளுக்குச் சந்தேகம் இன்னும் அதிகமாகும் என்பது வேறு விஷயம்.

அடுப்படி சின்னது. மூன்று பேர் நின்றால் நாலாவதாகக் காற்றுக்கு இடமில்லை. பதிவுக்காரி அலமாரித் தட்டில் மெஷினை வைத்துச் சிவப்பு விளக்கை எரியவிட்டாள். கேட்டக்கா அடுப்படி வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, மெஷினைத் திருடனைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யார் பாடறது?" என்றாள் பதிவுக்காரி.

"நீயே பாடு சின்னவளே. அடுப்புல நிக்கறவதான் பாடணும், அதுதான் முறை."

சின்னவளுக்குக் கூச்சம். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். மெஷின் முன்னால் அவள் பாடியதில்லை. அக்காவுக்கு முன்னால் பாடியதுகூடக் குறைவு. ஆனால் பருப்பைக் கையில் எடுத்ததும் கூச்சம் போய்விட்டது. கை வேலையில் இறங்கினால் அவளுக்கு வாயும் தானாக இறங்கும். பாட்டிலேயே கல்லு மூணு கூட்டினாள், பானையை ஏற்றினாள், கையால் பருப்பைக் கொட்டினாள். பருப்பு வேகும்வரை அந்த நாலு அடியையே திரும்பத் திரும்பப் பாடினாள். குரல் அக்கா அளவுக்கு இல்லை, ஆனால் சுத்தம். கேட்டக்கா தன்னையறியாமல் தலையாட்டினாள். சின்னவள் கரண்டியில் இரண்டு பருப்பை எடுத்து நசுக்கிப் பார்த்தாள். மசிந்தது. உப்பு டப்பாவைத் திறந்தாள்.

*பருப்பு வெந்ததும் உப்பைப் போட்டு*
*பூசணி வெட்டிச் சேருங்கடி*

"நிறுத்து" என்றாள் கேட்டக்கா. "தப்பாப் பாடற. உனக்குக் குடுத்தது அது இல்ல. உனக்கு 'பருப்போட சேர்த்து உப்பைப் போட்டு.' மறந்துட்டியா?"

சின்னவள் திரும்பி அக்காவைப் பார்த்துச் சிரித்தாள். "மறக்கலையே. நீ குடுத்ததுதான் தப்பு. உப்பை முதல்லயே போட்டா பருப்பு வேகுமா? விறைச்சுக்கிட்டு நிக்கும். அன்னைக்கு நீ சொல்லும்போதே நெனச்சேன், என்ன இவ, முந்நூறு பேருக்குப் பொங்கறவ, இதுகூடத் தெரியாமச் சொல்றாளேன்னு. உன்கிட்ட எதிர்த்துப் பேச முடியுமா? தெருவுக்குப் போனதும் நானே மாத்திக்கிட்டேன். தப்பான சமையலை என்னால பாட முடியாதுக்கா. வாயே வராது."

சொல்லிவிட்டு உப்பைப் போட்டுக் கிண்டினாள்.

பதிவுக்காரி கையிலிருந்த காகிதத்தைப் பிரித்தாள். பார்க்க வேண்டிய தேவையே இல்லை, ஆனாலும் பிரித்துப் பார்த்தாள். பிறகு கேட்டக்காவைப் பார்த்தாள்.

கேட்டக்கா மனதுக்குள் ஐந்து அடிகளையும் மறுபடி எண்ணினாள். ஐந்து பேருக்கு ஐந்து இடத்தில் உப்பை வைத்தவள், அதில் ஒருத்தி பிறவிச் சமையல்காரி என்பதை நினைக்கவில்லை. இடக்கையனுக்குச் சுடுதண்ணீர்கூட வைக்கத் தெரியாது, கொடுத்ததை அப்படியே பாடியிருப்பான். சரியான இடத்தில் உப்பு போடத் தெரிந்த வாய் எத்தனை? இரண்டு வாய் ஒரே அடியைப் பாடியிருக்கிறது. அவள் ஒரே ஒரு வாயைத்தான் பிடித்தாள். நாற்பது வருடமாகத் தபால்காரனைச் சந்தேகப்பட்டாள், பால்காரனைச் சந்தேகப்பட்டாள், சோப்பைக்கூடச் சந்தேகப்பட்டாள். பதினெட்டு வருடமாகத் தன் தட்டில் சோறு போடும் கையைப் பற்றி ஒரு நாளும் ஒரு கேள்வி வந்ததில்லை.

இப்போது வந்தது. வந்ததும் பின்னாலேயே எல்லாம் வரிசையாக வந்தன.

"சின்னவளே. ஸ்டிரைக் முடிஞ்சு யாரையும் திரும்ப எடுக்கல. உன் வீட்டுக்காரரை மட்டும் எப்படி எடுத்தாங்க?"

"அவரு ஃபிட்டர். மெஷினுக்கு ஆள் வேணும்னு…"

"ஃபிட்டர் ஒன்பது பேர் இருந்தாங்க."

சின்னவள் அக்காவைப் பார்த்தாள், பதிவுக்காரியைப் பார்த்தாள், அவள் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தாள். அதில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் இரண்டு முகங்களையும் படிக்கத் தெரிந்தது. கரண்டியைப் பானை விளிம்பில் வைத்தாள். அது வழுக்கி உள்ளே விழுந்தது. எடுக்கவில்லை.

"ஆலை மேஸ்திரி வந்தான்க்கா" என்றாள். குரல் கீழே போயிருந்தது. "புள்ளைக்கு அம்மை போட்டிருந்துச்சு. வீட்டுல ஒண்ணுமில்ல. பொம்பளைங்க ஏதோ பாடறீங்களாமே, பாடிக் காட்டு, உன் புருஷனை உள்ள எடுத்துக்கறேன்னான். பாட்டுதானே, தெருவே பாடுதே, இதுல என்ன போச்சுன்னு… மூணு தடவை பாடினேன். மூணாவது தடவை மாமா நாலாம் கேட்டுக்குப் போகப்போறார்னு எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது."

மாமா போட்டோவிலிருந்து முறைத்துக்கொண்டிருந்தார்.

"அப்புறமாவது சொல்லியிருக்கலாமே."

"சொல்லத்தான் வந்தேன். கோர்ட்டுக்கு ரெண்டு நாள் கழிச்சு உன் வாசற்படி வரைக்கும் வந்தேன். நீ அதுக்குள்ள பாட்டுக் கட்டிட்ட. முற்றம் பூரா ஆளுங்க, கை தட்டிப் பாடிட்டு இருந்தாங்க. அதுக்கு மேல நான் எங்க போய்ச் சொல்றது?" கண்ணைத் துடைக்காமலேயே அழுதாள். "உனக்குச் சோறு ஆக்கிப் போட்டே தீர்த்துடலாம்னு பாத்தேன். தீரவே இல்லக்கா."

பதிவுக்காரி மெஷினை நோக்கிக் கையை நீட்டினாள். சிவப்பு விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

"அணைக்காதே" என்றாள் கேட்டக்கா.

அணைத்துவிடு என்று சொல்லத்தான் அவளுக்கு ஆசை. கூடப் பிறந்தவள். இவளையும் இழந்தால் அந்த வீட்டில் பேசுவதற்குப் போட்டோ மட்டும்தான் மிச்சம். காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, கிழவிக்கு ஞாபகம் பிசகிவிட்டது என்று சாதிக்கலாம். எழுபத்திரண்டு வயதில் அதை எல்லோரும் நம்புவார்கள். அவள் பதிவுக்காரியின் இடது கையைப் பார்த்தாள். கல்லூரியில் எல்லோரோடும் சேர்ந்து கை தட்டிய கை.

எழுந்து நின்றாள். தொண்டையைச் செருமினாள்.

*இடது கையால் தட்டினவன்*
*எதையும் யாருக்கும் காட்டலையே*

அதோடு நின்றுவிட்டது. கேட்டில் நின்றுகொண்டே, எதிரே லத்தியோடு போலீஸ் நிற்கும்போதே, மூச்சு விடுகிற நேரத்தில் அடுத்த அடியைக் கட்டியவள் அவள். இப்போது மூன்றாவது அடி வரவில்லை. அதில் ஒரு ஆளைச் சொல்ல வேண்டும். மெஷின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

அடுப்புப் பக்கமிருந்து குரல் வந்தது. மெலிசான குரல், ஆனால் சுத்தம்.

*பருப்பு வெந்ததும் உப்பைப் போட்டுப்*
*பாடிக் கொடுத்தது நான்தானே*

சின்னவள் சுவரைப் பார்த்துக்கொண்டு பாடினாள். மெட்டு ஒரு இடத்திலும் பிசகவில்லை.

பதிவுக்காரி மெஷினை அணைத்தாள். வயரைச் சுற்றினாள், பையில் வைத்தாள், காகிதத்தையும் அதன் மேல் வைத்தாள். ஒவ்வொன்றையும் நிதானமாகச் செய்தாள்.

"இதை உங்கப்பா படத்துக்கு முன்னாடி போட்டுக் காட்டும்மா" என்றாள் கேட்டக்கா. கேட்கவே கூச்சமாக இருந்தது. "எப்ப தவறினார்?"

"யார் தவறினா? எண்பத்தொண்ணு ஆச்சு. பொழுதன்னைக்கும் வாசல்ல நாற்காலி போட்டு உக்காந்திருப்பார். காது நல்லாக் கேக்கும்."

கேட்டக்கா சுவரைப் பிடித்துக்கொண்டாள். செத்திருப்பான் என்றே வைத்திருந்தாள். செத்தவனிடம் மன்னிப்புக் கேட்பது எவ்வளவு சுலபம் என்று இப்போதுதான் தெரிந்தது.

"மெஷின்ல போட்டா அவர் நம்ப மாட்டார்" என்றாள் பதிவுக்காரி. "யாரோ மாத்தி வச்சிருக்காங்கன்னுதான் சொல்லுவார். அவருக்கும் உங்களை மாதிரி எல்லாத்துலயும் சந்தேகம். நீங்க பண்ணிவிட்டதுதான். நேர்ல வந்து பாடணும். தெருவுல நின்னு, சத்தமா. அங்க இருக்கறவங்களுக்கும் அந்தப் பழைய நாலு அடி தெரியும்."

"ரெண்டு பேருமா?"

"ரெண்டு பேரும்."

சின்னவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பானையைப் பார்த்தாள். பூசணி பக்கத்திலேயே வெட்டாமல் கிடந்தது. "இதை முடிச்சு, ஒரு தூக்குல கொஞ்சம் எடுத்துட்டு வரட்டுமா? அவருக்குப் பொதுப் பானைன்னா…"

"சாப்பாடு வேணாம்" என்றாள் பதிவுக்காரி. "பாட்டு மட்டும் போதும்."

சின்னவள் தலையாட்டினாள். அடுப்பை அணைத்து, கரண்டி உள்ளேயே கிடக்கப் பானையை மூடினாள்.

கேட்டக்கா மூன்று தாழ்ப்பாளையும் தடவிப் பார்த்துவிட்டுக் கதவைத் திறந்தாள். வாசலில் மூன்று ஜோடிச் செருப்பு கிடந்தது. பதிவுக்காரி தன்னுடையதை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போய்க் கீழே நின்றாள். அவள் மேலே திரும்பிப் பார்க்கவில்லை. சின்னவள் குனிந்து அக்காவின் செருப்பைக் காலுக்கு வாகாகத் திருப்பி வைத்தாள்.

கேட்டக்கா அந்தக் கையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு செருப்பில் காலை நுழைத்தாள்.